இரயில்வே உத்தியோகத்தில் நிறபேதமும் ஆண் பெண் பேதமும்

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டனர். மெட்ரிகுலேஷன் தேறி, குமாஸ்தா மேசையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட எனக்கு இலக்கியம் எழுதும் புலமை இல்லை. தெரிந்தது இரயில்வே ஒன்றுதான். நம் காலனியில் இரயில்வேயால் பிழைக்காத குடும்பம் அரிது. ஆகவே, நமக்குச் சோறிடும் இந்த ஸ்தாபனத்தில் யார் யார் எந்தப் பதவியில் அமர முடிந்தது, யாருக்கு எது மறுக்கப்பட்டது, அந்த நிலை எவ்வாறு மாறியது என்பனவற்றைப் படித்தும் கேட்டும் அறிந்த அளவில் எழுதத் துணிகிறேன். குறையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்கு வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே காரணம். ஐ.டி.ஐ.யில் மின்சாரப் பிரிவில் தேறிய என் மூத்த மகள், சென்ற ஆண்டு ஒருநாள் இரவு, உதவி இஞ்சின் ஓட்டுநர் தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போவதாகக் கூறினாள். அரிசி புடைத்துக் கொண்டிருந்த என் தாயார் முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "இஞ்சின் ஓட்டுறது ஆம்பிளை வேலை. பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குடி அது?" என்றார். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. மகள் என்னைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க அப்பா?" என்று கேட்டாள். யோசித்துச் சொல்வதாகக் கூறி எழுந்துவிட்டேன்.

யோசிக்க உட்கார்ந்தபோது என் பாட்டனாரின் நினைவு வந்தது. அவர் தெற்கே ஒரு கம்பெனி இரயில்வேயில் கரி தள்ளும் ஃபயர்மேனாக இருந்தவர். அவர் இருந்த ஷெட்டில் மெயில் வண்டியை ஓட்ட எந்த இந்தியருக்கும் வாய்ப்பு அளிக்கப்பட்டதில்லையாம். கேட்டால், "அது வெள்ளையர் வேலை; உங்களுக்கு எதற்கு?" என்ற பதில் கிடைக்குமாம். பாட்டனார் கேட்ட பதிலும் என் மகள் கேட்ட பதிலும் ஏறத்தாழ ஒரே வாக்கியமாக இருப்பதைக் கண்டு திடுக்கிட்டேன். அதன்பின் பழைய சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தேன்.

போர்காட் மலைப்பாதை

நாம் கல்யாணிலிருந்து ஊருக்குச் செல்லும்போது வண்டி கர்ஜத்தில் நிற்கும். பின்னால் தள்ளுவதற்கு இஞ்சின்களைச் சேர்ப்பார்கள். குழந்தைகள் வடை கேட்பார்கள். பிறகு வண்டி குகைக்குள் புகுந்தும் வெளிப்பட்டும் லோணாவளாவை நோக்கி ஏறும். போர்காட் என்னும் அம்மலைப்பாதை எவ்வாறு உண்டாயிற்று என்பதை நம்மில் பலர் அறியோம்.

1853 ஏப்ரல் 16 அன்று பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர் தூரம் முதல் பயணி வண்டி ஓடியது. அதன்பின் மூன்றாண்டுகள் கழித்து, 1856இல், மலைப்பாதை வேலை தொடங்கியது. சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் 25 குகைகள். 1861ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அங்கு வேலை செய்தோர் தொகை 40,000க்கு மேல். அவர்களுள் ஆடவர், பெண்டிர், சிறுவர் எல்லோரும் இருந்தனர். ஆண்கள் பாறையில் துளையிட்டு வெடி வைத்தனர். பெண்கள் மண்ணையும் கல்லையும் கூடையில் சுமந்தனர். காலராவும் காய்ச்சலும் விபத்தும் கொண்டு சென்ற உயிர்கள் பல்லாயிரம்.

கூலித் தகராற்றால் 1859 ஜனவரியில் தொழிலாளருக்கும் ஐரோப்பிய மேற்பார்வையாளருக்கும் கைகலப்பு மூண்டது. முதல் கண்டிராக்டர் வேலையைக் கைவிட்டார். அவருக்குப் பின் இங்கிலாந்திலிருந்து வந்த சாலமன் டிரெட்வெல் என்பவர் வந்திறங்கிய சில நாட்களிலேயே நோயுற்று மாண்டார். அவருடைய மனைவி ஆலிஸ் டிரெட்வெல் அம்மையார் ஊர் திரும்பவில்லை. கணவரின் கண்டிராக்டைத் தாமே ஏற்று, தேர்ந்த பொறியாளர் இருவரை நிர்வாகத்துக்கு அமர்த்தி, வேலையை முடித்துக் கொடுத்தார். 1863இல் பாதை திறக்கப்பட்டது.

இதிலிருந்து தெளிவாவது ஒன்று. இரயில்வே வேலை பெண்களுக்கு ஒவ்வாது என்ற பேச்சு, இரயில்வேயைக் கட்டிய காலத்தில் எழவில்லை. கூடை சுமக்கப் பெண் வேண்டியிருந்தாள். நெருக்கடியில் கண்டிராக்டை நடத்தவும் ஒரு பெண் போதுமானவளாக இருந்தாள். கட்டி முடித்து, மாதச் சம்பளமும் சீருடையும் குவார்ட்டர்ஸும் உள்ள நிரந்தர உத்தியோகங்கள் உண்டானபோதுதான், அவை யாருக்கு உரியவை என்ற கேள்வி பிறந்தது.

கப்பலில் வந்த ஓட்டுநர்கள்

இஞ்சினும் தண்டவாளமும் இங்கிலாந்திலிருந்து வந்தவாறே, இஞ்சின் ஓட்டுநரும் கப்பலில் வந்தனர். தொடக்கத்தில் இதற்கு நியாயம் உண்டு. இந்நாட்டில் அத்தொழிலை அறிந்தவர் இல்லை. ஆனால் அறிந்தவர்கள் உண்டான பின்னும் அந்த ஏற்பாடு தொடர்ந்ததற்கு வேறு காரணங்கள் இருந்தன. கம்பெனிகள் போட்ட முதலுக்கு நூற்றுக்கு 5 வீதம் வட்டி கிடைக்கும் என்று அரசாங்கம் உத்தரவாதம் அளித்திருந்தது. பற்றாக்குறை வந்தால் இந்தியக் குடிகளின் வரிப்பணம் அதை ஈடுசெய்யும். ஆகவே, அதிகச் சம்பளம் கொடுத்துச் சீமையிலிருந்து ஆள் வரவழைப்பதைப் பற்றிக் கம்பெனிகள் அதிகமாகக் கவலைப்படவில்லை. இரண்டாவது காரணம் 1857ஆம் ஆண்டுப் புரட்சி. படைகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு விரைவில் கொண்டு செல்லும் சாதனமாகிய இரயிலை இந்தியர் கையில் ஒப்படைக்க ஆள்வோர் அஞ்சினர்.

சீமை ஆட்கள் போதாதபோது ஆங்கிலோ-இந்திய சமூகத்தார்க்கு இடம் கிடைத்தது. ஓட்டுநர், கார்டு, ஃபோர்மேன், பெர்மனென்ட் வே இன்ஸ்பெக்டர் முதலிய பதவிகளில் அவர்கள் பெருவாரியாக அமர்ந்தனர். அதற்கு ஈடாகத் துணைப்படையில் சேர்ந்து ஆயுதப் பயிற்சி பெறும் கடமையும் அவர்கள்மீது சுமத்தப்பட்டது. எனினும் தலைமைப் பதவிகள் அவர்களுக்கும் எட்டவில்லை; அவை சீமையில் நியமனம் பெற்று வந்தவர்களுக்கே உரியவை. மேலே ஐரோப்பியர், நடுவே ஆங்கிலோ-இந்தியர், கீழே இந்தியர் என்று மூன்று படிகள் ஏற்பட்டன. சம்பளத்தில் மட்டுமன்று, குவார்ட்டர்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் இன்ஸ்டிட்யூட்டிலும் இந்தப் படிகள் இருந்தன. பழைய இரயில்வே காலனி எதிலும், விசாலமான தோட்டமுள்ள பங்களாக்கள் ஒரு பக்கமும் வரிசை வீடுகள் மற்றொரு பக்கமும் இருப்பதை இன்றும் காணலாம்.

வெள்ளையரை மட்டும் குறை கூறி நிறுத்துவது நேர்மையாகாது. நிலையங்களில் இந்துவுக்கு ஒரு தண்ணீர், முஸ்லிமுக்கு ஒரு தண்ணீர் என்று தனித்தனிப் பானை வைத்து ஊற்றியது நம்மவர் கேட்டுப் பெற்ற ஏற்பாடு. தென்னாட்டு நிலையங்களின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடமும் மற்றையோருக்குத் தனி இடமும் இருந்தன. மேலே உள்ளவன் நம்மைத் தள்ளி வைத்தான் என்று வருந்திய நாம், நமக்குக் கீழே ஒருவரைத் தள்ளி வைக்கத் தவறவில்லை.

எண்ணெய்ப் படலம்

இரயில்வே நிர்வாகத்தை ஆராய 1920இல் சர் வில்லியம் ஆக்வொர்த் தலைமையில் ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது. வலங்கைமானில் பிறந்து, கும்பகோணத்தில் கல்வி பயின்று, நாவன்மையால் உலகப் புகழ் பெற்ற மகாகனம் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார் அக்கமிட்டியின் உறுப்பினர்களுள் ஒருவர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. 1921இல் வெளியான அதன் அறிக்கை கூறிய கணக்கு இது: இந்திய இரயில்வேக்களில் வேலை செய்தோர் சுமார் 7,10,000 பேர். அவர்களுள் இந்தியர் ஏறத்தாழ 7,00,000. ஐரோப்பியர் 7,000 மட்டுமே. அந்த ஏழாயிரம் பேரும், தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குவளையின் மேல் மிதக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தைப் போல, கீழேயுள்ள ஏழு லட்சத்தோடு கலவாமல் இருக்கிறார்கள் என்று கமிட்டி எழுதியது. மிக உயர்ந்த பதவிகளில் ஓர் இந்தியரும் இல்லை என்றும் அது எடுத்துக் காட்டியது.

இந்தக் கணக்கைப் பலமுறை படித்தேன். நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் இந்தியராக இருந்தும் அது இந்தியருடைய இரயில்வேயாக இல்லை! தலைகளை எண்ணி, "எல்லா இனத்தாரும் இங்கு வேலை செய்கின்றனர்" என்று அன்றைக்கே ஒருவர் பெருமை பேசியிருக்கலாம். எத்தனை பேர் இருக்கின்றனர் என்பதோடு, எந்தப் படியில் இருக்கின்றனர் என்பதையும் கேட்டால்தான் உண்மை விளங்கும்.

பிறகு மாற்றம் படிப்படியாக வந்தது. 1924இல் லீ கமிஷன், இரயில்வே உயர் உத்தியோகங்களில் நூற்றுக்கு 75 வீதம் இந்தியாவிலேயே நியமிக்கப்பட வேண்டும் என்று சிபாரிசு செய்தது. 1925இல் கிழக்கிந்திய இரயில்வேயும் நமது ஜி.ஐ.பி. இரயில்வேயும் அரசாங்க நிர்வாகத்தின் கீழ் வந்தன. 1927இல் பீகாரிலுள்ள ஜமால்பூர் தொழிற்சாலையில், இயந்திரப் பகுதி உயர் அதிகாரிகளாக இந்திய இளைஞரைப் பயிற்றும் திட்டம் தொடங்கப்பட்டது. இம்மூன்றாவதே முக்கியமானது என்பது என் தாழ்மையான கருத்து. சிபாரிசு காகிதத்தில் இருக்கும். சட்டம் புத்தகத்தில் இருக்கும். கற்றுக் கொடுக்கும் இடத்தின் கதவு திறந்தால்தான், "தகுதியுள்ள ஆள் இல்லை" என்ற சாக்கு ஒழியும்.

ஜமால்பூர் சென்ற கைம்பெண்

அதே ஜமால்பூர் தொழிற்சாலைக்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரு பெண் பயிற்சிக்குச் சென்றார். அவர் பெயர் அ. லலிதா. சென்னையில் வாழ்ந்த தெலுங்குக் குடும்பத்தில் 1919இல் பிறந்தவர். பதினைந்து வயதில் மணம். பதினெட்டு வயதில், கைக்குழந்தையோடு, கைம்மை. அக்காலத்தில் அத்தகைய பெண்ணுக்கு மூலையும் முக்காடும்தான் விதி. ஆனால் அவருடைய தந்தையார் கிண்டி பொறியியற் கல்லூரியில் மின்சாரப் பேராசிரியர். மகளின் விருப்பத்தை ஏற்று, ஆண்கள் மட்டுமே படித்த அக்கல்லூரியில் அவருக்கு இடம் கேட்டார். கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோ இணங்கினார். பின்னர் பி. கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்னும் இருவரும் கட்டடப் பொறியியலில் சேர்ந்தனர். லலிதா தம் செய்முறைப் பயிற்சியை ஜமால்பூர் இரயில்வே தொழிற்சாலையில் ஓராண்டு பெற்று முடித்தார். பட்டச் சான்றிதழில் "அவன்" என்று அச்சிடப்பட்டிருந்த ஆங்கிலச் சொல்லை மையால் அடித்து "அவள்" என்று திருத்திக் கொடுத்தார்களாம். பிற்காலத்தில் பக்ராநங்கல் அணையின் மின்னாக்கி வேலையில் பங்கு கொண்டார். 1964இல் நியூயார்க்கில் கூடிய பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாட்டில் கலந்துகொண்டார்.

அச்சடித்து வைத்த சான்றிதழில் பெண்ணுக்கு இடம் இல்லை. ஆனால் அதைத் திருத்துவதற்கு ஒரு பேனாக் கோடு போதுமாயிருந்தது.

சட்டம் வந்தது

1950 ஜனவரி 26இல் அமலுக்கு வந்த அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு, அரசாங்க உத்தியோகத்தில் மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு எந்தக் குடிமகனையும் வேறுபடுத்தலாகாது என்றது. ஆங்கிலோ-இந்தியர் திடீரென்று நிலைகுலையாதிருக்க, இரயில்வே, சுங்கம், தபால் தந்தி இலாக்காக்களில் அவர்களுக்கு இருந்த ஒதுக்கீடு இரண்டாண்டுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு குறைந்து, பத்தாண்டு முடிவில் ஒழியும் என்று 336ஆம் பிரிவு வகுத்தது. அவர்களுள் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தனர். தங்கிவிட்டவர்கள் நம்மோடு தோளோடு தோள் நின்று உழைத்தனர். சிறந்த ஓட்டுநர் என்று பெயரெடுத்தவர் அவர்களுள் பலர் என்பதை மறக்கலாகாது.

என் பாட்டனார் சுதந்திரத்துக்குப் பின்னர்தான் ஓட்டுநரானார். சில ஆண்டுகளில் மெயில் வண்டியும் அவர் கைக்கு வந்தது. அதே மனிதர், அதே கைகள், அதே பாதை, அதே சிக்னல்கள். முன்பு இல்லாத எந்தத் திறமையும் அவருக்குப் புதிதாக வந்துவிடவில்லை. மாறியது அனுமதி ஒன்றே.

பெண்ணுக்குத் தாமதமாக வந்த வண்டி

அதே 16ஆம் பிரிவில் "பால்" என்ற சொல்லும் இருந்ததே. பெண்களுக்கு என்ன நேர்ந்தது? இந்திய ஆணுக்கு அச்சட்டம் சில ஆண்டுகளில் பலித்தது. இந்தியப் பெண்ணுக்குப் பலிக்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

அதுவரை பெண்கள் இரயில்வேயில் இல்லாமல் இல்லை. காத்திருப்பு அறையில் ஆயாவாகவும், ஆஸ்பத்திரியில் நர்ஸாகவும், இரயில்வே பள்ளியில் ஆசிரியையாகவும், காரியாலயத்தில் டைப்பிஸ்டாகவும் இருந்தனர். கணவன் பணியிலிருக்கும்போதே இறந்தால் கருணை அடிப்படையில் வேலை பெற்று வந்தவர்களும் பலர். அப்படி வந்த ஒரு சகோதரி நான் முன்பு வேலை பார்த்த ஒரு காரியாலயத்தில் இருந்தார். அந்தக் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அவர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து, பகல் உணவு வேளையில் அரை மைல் நடந்து தம் குவார்ட்டர்ஸுக்குப் போய் வருவார். "அடிக்கடி மேசையில் இருப்பதில்லை" என்று அவர்மீது குறிப்பு எழுதப்பட்டது. அக்குறிப்பைத் தட்டச்சு செய்தவன் நான். அன்று எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. என் மகள் கேட்ட கேள்விக்குப் பின்னரே அது உறைக்கிறது.

1989இல் சதாரா மாவட்டத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த சுரேகா யாதவ் மத்திய இரயில்வேயில் உதவி ஓட்டுநராகச் சேர்ந்தார். அவர் பயிற்சி பெற்றது நம் கல்யாணிலுள்ள பயிற்சிப் பள்ளியிலேதான். இந்தியாவில் அத்தொழிலுக்கு வந்த முதல் பெண் அவரே. கூட்ஸ் வண்டியில் தொடங்கி, 2000ஆம் ஆண்டில் மகளிர் சிறப்பு வண்டியை ஓட்டினார். 2010இல் மலைப்பாதை ஓட்டுநரானார். 2011 மார்ச் 8 அன்று புனேயிலிருந்து பம்பாய்க்கு டெக்கான் குவீன் வண்டியை ஓட்டி வந்தார். ஆலிஸ் அம்மையார் கட்டி முடித்த அதே போர்காட் வழியாகத்தான் அவர் வண்டி இறங்கியது. பாதை திறந்த 1863க்கும் அந்நாளுக்கும் இடையே 148 ஆண்டுகள். 2023 மார்ச்சில் சோலாப்பூரிலிருந்து வந்தே பாரத் வண்டியையும் அவ்வழியே ஓட்டினார். 36 ஆண்டுச் சேவைக்குப் பின் 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றார்.

நம்மவர் மிகுதியாக வாழும் மாதுங்காவின் மத்திய இரயில்வே நிலையம் 2017 ஜூலையில் முழுவதும் பெண் ஊழியரால் நடத்தப்படும் நிலையமாயிற்று. 1905இல் அமைந்த இரயில்வே போர்டின் தலைமைப் பதவியில் 2023 செப்டம்பர் 1 அன்று ஜயா வர்மா சின்ஹா அமர்ந்தார். 118 ஆண்டுகளில் அப்பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவர்.

இவற்றைக் கேட்டு மகிழும்போதே, ஆக்வொர்த் கமிட்டியின் பாடத்தை மறத்தலாகாது. அன்று கீழே பலர் இருந்தும் மேலே ஒருவர் இல்லை. 2023இல் மேலே ஒருவர் வந்தார். ஆனால் ஏறத்தாழ 12 லட்சம் ஊழியரில் பெண்கள் நூற்றுக்குப் பத்துப் பேரும் இல்லை. ஓட்டுநராக வந்த பெண்களுள் சிலர், நெடுந்தூர வண்டியில் கழிப்பறை இல்லாமையாலும், இரவு வேளைப் பணியாலும் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு மனுச் செய்திருக்கின்றனர். இதைச் சுட்டி, "பார்த்தீர்களா, பெண்களால் முடியாது" என்று கூறுவோர் உண்டு. இஞ்சினில் கழிப்பறை வைக்காதது இஞ்சினைச் செய்தவர் குறையா, பெண்ணின் குறையா? ஆண் ஓட்டுநரும் அக்குறையால் துன்புற்றவரே. அவர் வாய் திறவாமல் பொறுத்துக் கொண்டார். பெண்கள் வந்து கேட்டபின் இருவருக்கும் நன்மை பிறக்கும்.

முடிவாக

நம் காலனியில் மாலை வேளைகளில் பையன்களுக்கு இரயில்வே தேர்வுக் கணக்குகளை நம் அண்ணன்மார் சிலர் இலவசமாகக் கற்றுத் தருகின்றனர். பாராட்டத்தக்க தொண்டு. ஆனால் அந்த வராந்தாவில் ஒரு பெண்பிள்ளையையும் நான் கண்டதில்லை. வர வேண்டாம் என்று எவரும் தடுத்ததில்லை. வா என்றும் எவரும் அழைத்ததில்லை. ஜமால்பூர்க் கதவு இந்தியருக்கு மூடியிருந்ததை நாம் குறை கூறுகிறோம். நம் வராந்தாக் கதவு யாருடைய பொறுப்பு? வரும் ஆண்டு முதல் அவ்வகுப்பில் பெண்களுக்கும் பாய் விரிக்குமாறு சங்க நிர்வாகிகளைப் பணிவுடன் வேண்டுகிறேன். கணக்கு எனக்கு வராது. விளக்குக்கும் கரும்பலகைக்கும் ஆகும் செலவில் என் பங்கைத் தருகிறேன்.

என் மகளுக்கு நான் பதில் சொல்ல நான்கு நாட்கள் ஆயின. ஐந்தாம் நாள் அவளைக் கணினிக் கடைக்கு அழைத்துச் சென்று விண்ணப்பத்துக்கான கட்டணத்தைக் கட்டினேன். வீடு திரும்பியதும் என் தாயாரிடம் பாட்டனாரின் மெயில் வண்டிக் கதையை நினைவூட்டினேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பின்பு, "அவரைக்கூட முதல்ல விடலைதான்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை, படிக்க உட்கார்ந்த பேத்திக்குத் தாமே காப்பி கலந்து கொண்டு போய்க் கொடுத்தார்.

தேர்வில் தேறுவதும் தேறாததும் அவள் உழைப்பைப் பொறுத்தது. அது அப்படியே இருக்கட்டும். பாட்டனார் கேட்டதும் அவ்வளவுதான்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!